சோடியம் பியூட்டிரேட் கேப்சூல்: எட்டு மாசத்துக்கு அப்புறம்

இப்ப விலை குறைஞ்சிருக்கே வாங்கலாமான்னு ஆபீஸ்ல ஒரு அண்ணன் கேட்டார், அவருக்குச் சொன்னதையே இங்க எழுதுறேன். அடிக்கடி பாத்ரூம் ஓடுற தொல்லைக்காக நான் எடுத்தது இது: 600 மில்லிகிராம், தினம் ரெண்டு, சாப்பாட்டோட.

நாத்தம். அதைத்தான் முதல்ல சொல்லணும். வெண்ணெய் கெட்டுப்போய் சிக்கு பிடிச்சா ஒரு வாடை வருமே, அதுக்குக் காரணமே பியூட்டிரிக் ஆசிட்தான், கேப்சூல்ல இருக்கிற சோடியம் பியூட்டிரேட் அதோட உப்பு, அதனால கம்பெனியை மட்டும் குத்தம் சொல்ல முடியாது, ஆனா விக்கிறவங்க ஒரு வரி சொல்லியிருக்கலாம் இல்லையா? மூடியைத் திருகினாலே குப்புன்னு அடிக்கும். மருந்து டப்பால வெச்சேன், நாலு நாள்ல அம்மாவோட பிபி மாத்திரை அட்டை வரைக்கும் அதே வாடை. "பீரோவுக்குப் பின்னாடி எலி செத்துக் கிடக்கா பாருடா"ன்னாங்க. இது காத்துல இருக்கிற ஈரத்தை இழுக்கிற உப்பு, மழைக்காலத்துல இன்னும் மோசம். கண்ணாடி பாட்டில், டபுள் ஜிப் கவர் எல்லாம் போட்டுப் பாத்தாச்சு, அடங்கல.

முதல் பாட்டில் கோட்டிங் இல்லாதது, ஏப்பத்துலயும் அதே வாடை, அதுவுமில்லாம மருந்து வேலை செய்ய வேண்டிய பெருங்குடலுக்குப் போறதுக்கு முன்னாடியே பெரும்பகுதியை உடம்பு உறிஞ்சிடும். அப்புறம்தான் லேட்டா கரையற கோட்டிங் உள்ளது வாங்கினேன்.

பலன் இருந்துச்சு, இல்லைன்னு சொன்னா பொய். காலைல ஆபீஸ் கிளம்புறதுக்குள்ள நாலு தடவை பாத்ரூம் ஓடிட்டிருந்தேன், ஆறாவது வாரத்துல ஒண்ணு ரெண்டா குறைஞ்சது, நடுவுல ஸ்டாக் இல்லாம மூணு வாரம் விட்டப்ப பழையபடி ஆரம்பிச்சுது. பெருங்குடல் உள்சுவர் செல்லுக்கு முக்கியமான எரிபொருளே பியூட்டிரேட்தான், சுமார் 70 சதவீத சக்தி அதுலதான். ஆனா நார்ச்சத்து போய்ச் சேந்தா குடல்ல இருக்கிற பாக்டீரியாவே அதைத் தயார் பண்ணிடும், சோறு ஆறினா அதுல கொஞ்சம் ஸ்டார்ச் செரிக்காத வகையா மாறி அதுங்களுக்குத் தீனியாகுது. அந்த வேலைக்கு நான் மாசாமாசம் காசு கொடுக்கிறேன்.

பிபி இருக்கிறவங்க இன்னொண்ணு பாக்கணும், ஒரு கேப்சூல்ல சோடியம் மட்டுமே கிட்டத்தட்ட 125 மில்லிகிராம். மலத்துல ரத்தம், எடை குறையறதுன்னா இதெல்லாம் வேண்டாம், நேரா டாக்டர்கிட்ட போங்க.

அதனால அண்ணே, வாங்காதீங்க. பழைய சோறு, சுண்டல், வாழைக்காய்னு கொஞ்சம் கொஞ்சமா ஏத்தி ரெண்டு மாசம் சாப்பிட்டுப் பாருங்க, அப்பவும் சரியாகலைன்னா போன் பண்ணுங்க, கோட்டிங் உள்ளது எதுன்னு சொல்றேன்.