ஆன்டிஆக்ஸிடன்ட் அளக்க எந்த மின்முனை: கண்ணாடிக் கார்பனா, அச்சுப் பட்டையா?

காலிக் அமிலம், குவெர்செட்டின் போன்ற ஆன்டிஆக்ஸிடன்ட் ஃபீனால்களை வோல்டாமெட்ரியில் (மின்னழுத்தத்தை மாற்றிக்கொண்டே மின்னோட்டத்தை அளக்கும் முறை) அளக்கும்போது பெரிய தலைவலி படிவுதான். ஆக்சிஜனேற்ற விளைபொருள் பரப்பில் படலமாக ஒட்டிக்கொள்ளும்; இரண்டாம் சுற்றிலேயே உச்ச மின்னோட்டம் சரியும்.

படிவு: கண்ணாடிக் கார்பனை (கண்ணாடி போல் வழவழப்பான, கடினமான கார்பன் மின்முனை) ஒவ்வொரு அளவீட்டுக்கும் முன் 0.05 மைக்ரான் அலுமினாவில் எட்டு வடிவில் தேய்த்து, அலசி, ஓரிரு நிமிடம் அல்ட்ராசோனிக் தொட்டியில் வைக்க வேண்டும். 1 மில்லிமோலார் ஃபெர்ரிசயனைடில் ஆக்சிஜனேற்ற, ஒடுக்க உச்சங்களின் இடைவெளி 60–80 மில்லிவோல்ட் என்றால் பரப்பு தயார். அச்சுப் பட்டைக்கு (மின்முனைகளைக் கார்பன் மை போன்றவற்றால் அச்சிட்ட சிறு துண்டு) இந்தப் பாடே இல்லை: ஒரு அளவீடு, பிறகு குப்பைத்தொட்டி.

மின்னழுத்தம்: கண்ணாடிக் கார்பனுடன் தனி வெள்ளி–வெள்ளி குளோரைடு ஒப்பு மின்முனை (மின்னழுத்தத்தை ஒப்பிட்டு அளக்க உதவும் நிலையான மின்முனை) நிற்கும், எண்ணை நம்பலாம். பட்டையில் இருப்பது பெரும்பாலும் வெறும் வெள்ளிப் பூச்சு. குளோரைடு செறிவு மாறினால் உச்சமும் நகரும். எல்லாக் கரைசலிலும் 0.1 மோலார் பொட்டாசியம் குளோரைடு சேருங்கள்.

மாதிரி அளவு: கண்ணாடிக் கார்பன் நிற்கும் கலத்துக்குச் சில மில்லிலிட்டர், பட்டைக்கு 50 மைக்ரோலிட்டர் சொட்டு.

கரைப்பான்: அசிட்டோநைட்ரைல் பட்டையின் மையை அரித்துவிடலாம்.

வினைவழியை ஆராய்பவருக்குக் கண்ணாடிக் கார்பன். ஏராளமான சாறு மாதிரிகளை விரைவாகத் தரம் பிரிப்பவருக்குப் பட்டை. ஆனால் ஒரே உற்பத்தித் தொகுப்பில் வாங்குங்கள், தொகுப்புக்குத் தொகுப்பு பரப்பு மாறும்.