ஸ்டீவியாவும் டின் பாலும்

சீனிக்குப் பதிலாக ஸ்டீவியா (ஒரு செடியின் இலையிலிருந்து எடுக்கும் கலோரி இல்லாத இனிப்பு) போட்டால் உடம்பு இளைக்குமா என்று கேட்கிறவர்களுக்கு ஒரு சின்னக் கணக்கு. ஒரு தேக்கரண்டிச் சீனியில் சுமார் 16 கலோரி. தினம் நாலு குவளை காப்பி, குவளைக்கு இரண்டு கரண்டி என்றால் 128. வீட்டில் நம் கையால் அள்ளிப் போடுகிற இந்தச் சீனிதான் மிச்சமாகும், அவ்வளவுதான். கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் பசியாறப் போய் தே தாரேக் (நுரைக்க ஆற்றிய பால் தேநீர்) சொன்னால் இனிப்பு டின் பாலோடேயே வந்துவிடுகிறது, பையில் இருக்கிற ஸ்டீவியாவுக்கு அங்கே வேலையே இல்லை. எனக்கு இடுப்பு குறைய ஆரம்பித்ததே பாலும் சீனியும் இல்லாத தே ஓ கோசோங்குக்கு மாறி, அதில் இதைக் கலந்து குடித்த பிறகுதான்.

வாங்கும்போது பாக்கெட்டின் முன்பக்கத்துப் பச்சை இலையைப் பார்க்காதீர்கள், பின்பக்கத்தைப் படியுங்கள். ஸ்டீவியாச் சாறு சீனியைவிட 200 முதல் 300 மடங்கு இனிப்பு, அதனால் பாக்கெட்டில் அது துளிதான் இருக்கும், மீதியெல்லாம் எடைக்காகச் சேர்த்தது. அந்த மீதி மால்டோடெக்ஸ்ட்ரினோ டெக்ஸ்ட்ரோஸோ என்றால் இரண்டுமே ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றும். இனிப்பு நீர் (நீரிழிவு) உள்ளவர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

ருசி? எலுமிச்சைச் சாறில் வித்தியாசமே தெரியாது. காப்பியில் கடைசி வாய்க்கு அதிமதுரம் மாதிரி ஒரு கசப்பு நிற்கும், பழகிவிடும். எரித்ரிட்டால் என்ற இன்னொரு சீனி மாற்று (சர்க்கரை ஆல்கஹால் வகை) போட்ட கேசரி வேறு கதை. சூட்டில் நன்றாகத்தான் இருந்தது, ஆறினதும் நறநறவென்று படிகம் கட்டி, நாக்கில் வைத்தால் ஜில்லென்றது. அத்தை ஒரு வாய் தின்றுவிட்டு, "பச்சைக் கற்பூரம் கூடிப்போச்சாம்மா?" என்றார். அதிகமாகத் தின்றால் வயிறும் உப்பும்.

சீன மருந்துக்கடையில் கிடைக்கும் காய்ந்த லோ ஹான் குவோ என்ற இனிப்புப் பழம் எனக்குப் பிடித்திருக்கிறது. உடைத்துக் கொதிக்க வைத்தால் போதும், தனியாக இனிப்பே வேண்டாம். (பெட்டாலிங் ஸ்திரீட்டில் விற்கும் ஆயர் மாத்தா கூச்சிங் என்ற குளிர்பானத்திலும் இந்தப் பழம்தான், ஆனால் அதில் பெரும்பாலும் கற்கண்டும் சேரும்.)

2023 மே மாதம் உலக சுகாதார நிறுவனம், எடையைக் கட்டுப்படுத்த சீனி அல்லாத இனிப்பூட்டிகளை நம்பவேண்டாம், நாள்பட்ட பயன்பாட்டில் கொழுப்பு குறைவதாகத் தெரியவில்லை என்றது. ஸ்டீவியாவும் அதில் அடக்கம், எரித்ரிட்டால் வகை சேரவில்லை. ஆனால் அதே வருஷம் ரத்தத்தில் எரித்ரிட்டால் கூடுதலாக இருப்பவர்களுக்கு மாரடைப்பும் பக்கவாதமும் அதிகம் வருவதாக ஓர் ஆய்வு வந்தது. அதுதான் காரணம் என்று நிரூபணம் ஆகவில்லை, சரி, ஆனாலும் நான் வாங்குவதை விட்டுவிட்டேன். இப்போது காப்பிக்கு ஸ்டீவியாச் சொட்டு மட்டும், அதையும் குறைத்துக்கொண்டே வருகிறேன். தீபாவளிப் பலகாரத்துக்குச் சீனிதான், அதில் பேச்சே இல்லை.