ஐ.பி. 67 என்ற சொல்லை நம்பி மண்ணுக்குள் சென்சார் புதைக்காதீர்கள்

மண் ஈரப்பதத்தை வருடக்கணக்கில் தொடர்ந்து அளக்க சென்சார் தேடுகிறவர்கள் இதைப் படித்துவிட்டு வாங்குங்கள். 14 மாத அளவீட்டை நான் தூக்கிப் போட வேண்டியதாகிவிட்டது.

நான்கு இடங்களில் 15, 30, 60 செ.மீ. ஆழத்துக்கு ஒன்று என்று 12 கெப்பாசிட்டிவ் சென்சார் (மண்ணின் மின்தேக்குத் திறனை வைத்து ஈரத்தைக் கணக்கிடும் வகை) வாங்கினேன். விற்றவரிடம் கேட்டது ஒரே கேள்வி, மூன்று வருடம் மண்ணுக்குள்ளேயே கிடந்தால் தாங்குமா? "ஐ.பி. 67 சார், தண்ணி உள்ளே போகவே போகாது, புதைச்சிட்டு மறந்துடுங்க" என்றார். ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும் என்பதுதான் ஐ.பி. 67, மாதக்கணக்கில் ஈர மண்ணில் கிடப்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. எனக்கு அது அப்போது தெரியாது, இதையே தொழிலாகச் செய்கிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஒரேயடியாகச் செத்திருந்தால்கூடப் பரவாயில்லை. முதல் ஆறு மாதம் மழைக்கு ஏறி வெயிலுக்கு இறங்கி எல்லாம் சரியாகவே இருந்தது. அப்புறம் மழையே இல்லாத நாட்களில் 60 செ.மீ. அளவு மெல்ல மெல்ல ஏற, அடியில் ஈரம் இருக்கிறதே என்று நானும் பாசனத்தைக் குறைத்துக்கொண்டே வந்தேன், செடிகள் வாடின. பக்கத்தில் தோண்டி மண் எடுத்து 105 டிகிரியில் 24 மணி நேரம் உலர்த்தி எடை போட்டேன். எடைக்கணக்கில் 16 சதவீதம், மண்ணின் அடர்த்தி கன செ.மீ.க்கு 1.4 கிராம் என்பதால் கன அளவில் 22. சென்சார் காட்டியது 41! இன்னொன்று 56 காட்டியது, அந்த அடர்த்தியில் மண்ணின் மொத்த இடைவெளியே 47 சதவீதம்தான், அதற்கு மேல் தண்ணீர் நிற்க இடமே கிடையாது.

தோண்டி எடுத்தபோது காரணம் தெரிந்தது. சென்சாரின் சர்க்யூட் பலகையில் இரண்டு பக்கமும் பூச்சு இருந்தது, வெட்டிய ஓரத்தில் இல்லை, அந்த ஓரம் வழியாகத் தண்ணீர் உள்ளே ஊறியிருக்கிறது. தண்ணீரின் மின்கடத்தா மாறிலி (ஒரு பொருள் மின்னூட்டம் தேங்க எவ்வளவு உதவுகிறது என்பதன் அளவு) ஏறக்குறைய 80, மண்ணின் கனிமங்களுக்கு 3 முதல் 5 வரைதான், இந்த வித்தியாசத்தை வைத்துத்தான் இந்த சென்சார் வேலை செய்கிறது, ஆகவே பலகைக்குள் ஊறிய தண்ணீரையும் மண் ஈரமாகவே கணக்குப் போட்டுவிட்டது.

விற்றவர் முதலில் உங்கள் மண்ணில் உப்பு என்றார், பிறகு கேலிபரேஷன் உங்கள் வேலை என்றார், கடைசியில் மண்ணில் புதைத்தால் வாரண்டி கிடையாது என்றார். மண்ணில் புதைக்க என்று சொல்லியே விற்ற பொருளுக்கு!

உப்பு விஷயம் உண்மைதான், குறைந்த அதிர்வெண்ணில் ஓடும் சென்சார்களை உப்பும் வெப்பநிலையும் நிறையவே ஏமாற்றும். அதனால்தான் 70 மெகாஹெர்ட்ஸ் போல உயர்ந்த அதிர்வெண்ணில் ஓடுபவை நல்லது, விற்கும் முன்பே இதைச் சொல்லியிருக்க வேண்டாமா? அதிர்வெண் எவ்வளவு என்று கேளுங்கள், பதில் வராவிட்டால் வாங்க வேண்டாம். மலிவு என்று மின்தடை வகைக்கும் போகாதீர்கள், கம்பி அரித்துப் போகும். டென்சியோமீட்டர் (தண்ணீர் நிரப்பிய குழாயைப் புதைத்து, மண் தண்ணீரை எவ்வளவு இழுக்கிறது என்று அளக்கும் கருவி) நம்பகமானது, ஆனால் அந்த இழுவை 80 கிலோபாஸ்கலைத் தாண்டும் அளவுக்கு மண் காய்ந்தால் காற்று புகுந்துவிடும், மறுபடி தண்ணீர் நிரப்ப ஆள் வேண்டும்.

எதை வாங்கினாலும் புதைக்கும் முன் ஒவ்வொன்றையும் காற்றில் ஒரு தடவை, தண்ணீரில் ஒரு தடவை வைத்து, அது காட்டும் எண்ணைக் குறித்து வையுங்கள். வருடம் ஒரு முறை ஒன்றிரண்டை எடுத்துக் கழுவி அதே சோதனையைச் செய்யுங்கள். நான் அதைச் செய்திருந்தால் கோளாறு நடுவிலேயே பிடிபட்டிருக்கும்.