அடுத்தவர் கணினியில் என் லினக்ஸ்: ஆறு ஆண்டு அனுபவம்

காரைக்குடிக்கு அருகிலுள்ள எங்கள் ஊரின் கோயில் புள்ளிக் கணக்கை எழுதும் பொறுப்பு 2019 முதல் என்னிடம் இருக்கிறது. திருமணமான ஒவ்வொருவரின் குடும்பமும் ஒரு புள்ளி. புள்ளிக்கு இவ்வளவு வரி என்று வைத்துத்தான் நகரத்தார் ஊர்களில் கோயில் காரியங்கள் நடக்கின்றன. பெரும்பாலோர் சென்னையிலும் கோலாலம்பூரிலும் குடியிருப்பதால், பட்டியலில் பெயரோடு முகவரி, தொலைபேசி எண், பிள்ளைகள் விவரம் எல்லாம் இருக்கும். என்னிடம் சொந்தக் கணினி கிடையாது. சங்க அலுவலகத்தின் பழைய கணினி, பேருந்து நிலையத்தருகே உள்ள ஜெராக்ஸ் கடை, விசேஷத்துக்குப் போன உறவினர் வீடு என்று கிடைத்த இடத்தில் உட்கார்ந்துதான் வேலை செய்கிறேன். ஒருநாள் அந்தக் கடையில் பதிவிறக்கக் கோப்புறையைத் திறந்தபோது, முன்பின் தெரியாத பலருடைய ஆதார் நகல்களுக்கு நடுவே, முந்தைய மாதம் நான் இறக்கித் திருத்திய எங்கள் ஊர்ப் பட்டியலும் அப்படியே கிடந்தது. கணினியில் உள்ள விண்டோஸைத் தொடாமல், அதற்கு மாற்றான லினக்ஸ் இயங்குதளத்தைப் பென்டிரைவிலிருந்தே இயக்குவது என்று அன்றுதான் முடிவு செய்தேன்.

முதலில் பயன்படுத்தியது பாரி கவுலர் 2003-ல் தொடங்கிய பப்பி லினக்ஸ். முழு இயங்குதளமும் ரேமில் ஏறிவிடுவதால், 2 ஜிபி ரேம் மட்டுமே உள்ள சங்கக் கணினியில்கூட விரைவாக ஓடியது. ஆனால் வன்தட்டின் பகுதிகள் யாவும் முகப்புத் திரையிலேயே சின்னங்களாக நின்று, ஒரே சொடுக்கில் திறந்துகொண்டன. முதல் முறை நிறுத்தும்போது சேமிப்புக் கோப்பை எங்கே வைப்பது என்று அது கேட்கும். கவனிக்காமல் பதில் சொன்னால் அடுத்தவர் வன்தட்டில் போய் உட்கார்ந்துவிடும். பொதுக் கணினியில் இந்த அபாயம் எனக்குச் சரிப்படவில்லை. 2021-ல் இன்னொரு லினக்ஸ் வகையான லினக்ஸ் மின்ட் 20-க்கு மாறினேன். அதற்கான ஆதரவு 2025 ஏப்ரலில் முடிந்ததால், இப்போது 22-ஆம் பதிப்பில் இருக்கிறேன். ரூஃபஸ் நிரலைக் கொண்டு பென்டிரைவை எழுதும்போதே, செய்யும் மாற்றங்களைச் சேமித்துவைக்க ஒரு தனிப் பகுதியை ஒதுக்கிக்கொள்ளலாம்.

எனக்குக் கிடைத்த பெரிய நிம்மதி தமிழ் விசைப்பலகைதான். ஒரு கணினியில் பாமினி எழுத்துரு, இன்னொன்றில் ஒலிபெயர்ப்பு முறை, மற்றொன்றில் தமிழே கிடையாது என்ற நிலையில், 200 பெயர்களைத் தட்டச்சு செய்வது பெரும்பாடு. 1999-ல் தமிழக அரசு ஏற்றுக்கொண்ட தமிழ்99 முறையில்தான் என் விரல்கள் பழகியிருக்கின்றன: உயிரெழுத்துகள் இடக்கையில், மெய்கள் வலக்கையில், ‘க’ விசையை இருமுறை தட்டினால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானே விழுந்து ‘க்க’ என்று வந்துவிடும். ஐபஸ் உள்ளீட்டு முறையில் இதை ஒருமுறை அமைத்துச் சேமித்த பிறகு, எந்த ஊரில் எந்தக் கணினியில் உட்கார்ந்தாலும் ‘அழகப்பன்’, ‘வள்ளியம்மை’ என்று கை தயங்காமல் ஓடுகிறது.

உரிமையாளரிடம் கேட்காமல் ஒருபோதும் இதைச் செய்ததில்லை. கடைத் தம்பியிடம் முதலில் கேட்டபோது, “விண்டோஸ் அழிஞ்சிடாதுல்ல அண்ணே?” என்றார். நியாயமான பயம். பென்டிரைவிலிருந்தே ஓடும் ‘லைவ்’ முகப்பில் ‘நிறுவு’ என்றொரு சின்னம் இருக்கிறது. தவறாக அதில் நுழைந்து அடுத்தடுத்து ஒப்புக்கொண்டே போனால் வன்தட்டே துடைக்கப்பட்டுவிடும். அந்த நிறுவியை முதல் நாளே நீக்கிவிட்டு, அவர் கண் முன்னாலேயே இயக்கிக் காட்டினேன். கணினியைப் பொறுத்து எஃப்12, எஃப்9 அல்லது எஃப்11-ஐத் தட்டினால் எதிலிருந்து தொடங்குவது என்ற பட்டியல் வரும்; அதில் பென்டிரைவைத் தேர்ந்தால் போதும். அங்கீகாரமில்லாத இயங்குதளங்கள் தொடங்காமல் தடுக்கும் ‘செக்யூர் பூட்’ வசதியை அணைத்தால்தான் ஓடும் என்றால், அந்தக் கணினியை விட்டுவிடுகிறேன். வன்தட்டைப் பூட்டிவைக்கும் விண்டோஸின் பிட்லாக்கர் போட்ட கணினியில் அதை அணைத்தால், அடுத்த முறை விண்டோஸ் மீட்புக் குறியீட்டைக் கேட்டு நின்றுவிடக்கூடும்; கடைக்காரரிடம் அந்தக் குறியீடு இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. ஒரே பென்டிரைவில் பல இயங்குதளங்களை வைத்துத் தொடங்க உதவும் வென்டாய் நல்ல கருவிதான் என்றாலும், செக்யூர் பூட் உள்ள கணினியில் முதல் முறை அதன் சாவியைப் பதியவேண்டும். அந்தப் பதிவு கணினியின் அழியா நினைவகத்திலேயே தங்கிவிடுவதால் பொது இடங்களில் அதைத் தவிர்க்கிறேன்.

இவ்வளவு கவனித்தும் ஒரு தடயத்தை விட்டுவிட்டு வந்தேன். ஒருநாள் வேலை முடித்துவந்த மறுநாள் தம்பி அழைத்தார்: “அண்ணே, நீங்க போனதுலேருந்து பில்லுல நேரம் தப்பா வருது.” காலை பத்தரைக்குப் போட்ட பில்லில் ஐந்து மணி என்று அச்சாகியிருந்தது. கணினிக்குள் இருக்கும் கடிகாரத்தை விண்டோஸ் உள்ளூர் நேரமாகவும், லினக்ஸ் உலகப் பொது நேரமாகவும் எடுத்துக்கொள்கின்றன. நான் இணையத்தில் இணைந்ததும் லினக்ஸ் சரியான நேரத்தைப் பெற்று, அந்தக் கடிகாரத்தில் பொது நேரத்தை எழுதிவைத்துவிட்டது. விண்டோஸ் ஐந்தரை மணி நேரம் பின்தங்கிப்போனது. நேரில் போய்ச் சரிசெய்து மன்னிப்புக் கேட்டேன். இப்போது கடிகாரத்தை உள்ளூர் நேரமாகவே கொள்ளும்படி அமைத்து, இணையத்தோடு நேரம் ஒத்திசைவதையும் நிறுத்தியிருக்கிறேன். புதிதாகத் தொடங்குபவர்கள் முதலில் செய்யவேண்டியது இதைத்தான்.

வேகத்தைப் பொறுத்தவரை, நீல நிற யூஎஸ்பி 3.0 துளை கிடைத்தால் குறையில்லை, பழைய 2.0 துளையில் ஃபயர்பாக்ஸ் திறப்பதற்குள் பொறுமை போய்விடும். மொத்தமாக மேம்படுத்துவதையும் நிறுத்திவிட்டேன். பென்டிரைவில் முதலில் எழுதிய மூலப் படிமம் அப்படியே இருக்க, புதியவை எல்லாம் சேமிப்புப் பகுதியிலேயே குவிந்து அதை நிரப்பிவிடுகின்றன.

மின்வெட்டுதான் என்னை நிஜமாகவே வருத்தியது. 2023-ல் யூபிஎஸ் இல்லாத கணினியில் எழுதிக்கொண்டிருக்கையில் மின்சாரம் போனது. மறுபடி இயக்கியபோது சேமிப்புப் பகுதி திறக்கவே இல்லை. அன்றைய நாள் மட்டுமல்ல, மூன்று வாரமாக வசூல் நோட்டிலிருந்து ஏற்றிய பதிவுகள் முழுதும் போயின. அந்த நோட்டை மீண்டும் முதலிலிருந்து புரட்டி ஏற்ற நான்கு நாள் ஆனது. அதுமுதல் பட்டியலை வெராகிரிப்ட் பூட்டு போட்ட கோப்பில் வைத்து, எழுந்திருக்கும் முன் அதை இரண்டாவது பென்டிரைவில் நகலெடுக்கிறேன். முதலாவது சட்டைப்பையில், இரண்டாவது கைப்பையில்.

அச்சு விஷயத்தில் இன்னும் தோற்றுக்கொண்டுதான் இருக்கிறேன். கடைகளில் இருக்கும் சிறிய லேசர் பிரிண்டர்கள் சில லினக்ஸில் எளிதில் வேலை செய்வதில்லை. பிடிஎஃப் ஆக்கி விண்டோஸில் கொடுத்தால், நான் தவிர்க்க நினைத்த அதே தடயம் அங்கே தங்கிவிடுகிறது. பக்கத்தில் நின்று அழிக்கச் சொல்கிறேன். அழிப்பதை எப்போதும் முகம் சுளிக்காமல் செய்கிறார்கள். விசைப்பலகைக் கம்பியில் யாராவது ஒட்டுக்கேட்கும் கருவி பொருத்தியிருந்தால் இந்த ஏற்பாடு எதுவும் காப்பாற்றாது என்பதால், வங்கிக் கணக்கை மட்டும் அங்கே திறப்பதே இல்லை. வரி வந்துசேர்ந்ததா என்பதை என் கைப்பேசியில் பார்த்து, தொகையைப் பட்டியலில் கையால் ஏற்றிக்கொள்கிறேன்.