தொப்பியின் நாதம் கேட்கிறதா: மூன்று உயர்விலை இன்-இயர் ஹெட்போன்கள்

பெரும்பாலும் கர்நாடக இசைப் பதிவுகளையே கேட்கும் ஒருவர் நல்ல இன்-இயர் ஹெட்போனுக்காகப் பல்லாயிரம் ரூபாய் செலவிட முன்வந்தால், விளம்பரங்கள் முதலில் எடுத்துச் சொல்வது அதனுள் எத்தனை டிரைவர்கள் (ஒலியை எழுப்பும் சிறு பாகங்கள்) இருக்கின்றன என்பதைத்தான். எடிமோடிக் இஆர்4எஸ்ஆர், ஷூர் எஸ்இ846, சென்ஹைசர் ஐஇ 600 ஆகிய மூன்றையும் ஒரே பதிவுகளைக் கொண்டு மாற்றி மாற்றிக் கேட்ட பிறகு, அந்த எண்ணிக்கையைப் பார்த்து எதையும் வாங்கக் கூடாது என்று உறுதியாகச் சொல்வேன். எடிமோடிக்கில் காதுக்கு ஒரே ஒரு பேலன்ஸ்டு ஆர்மச்சர் டிரைவர் (காந்தங்களுக்கு நடுவே அதிரும் சிறு தகட்டால் இயங்குவது) இருக்கிறது. ஷூரில் அதே வகை டிரைவர்கள் நான்கு. சென்ஹைசரில் சிறிய ஒலிபெருக்கியைப் போல் சவ்வை அதிரவைக்கும் 7 மில்லிமீட்டர் டைனமிக் டிரைவர் ஒன்று மட்டுமே. அறிமுகமானபோது இவற்றின் விலை முறையே சுமார் 350, 1000, 700 டாலர்.

நான் முக்கியமாகக் கவனித்தவை மிருதங்கமும் தம்புராவும். மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பியில் பிசைந்த ரவையை அப்புவதால் பிறக்கும் கனத்த நாதமும், உள்ளங்கையை அழுத்தி நகர்த்தும்போது அந்த நாதம் வளைந்து ஏறுவதும் இயர்போனின் கீழ்ஸ்தாயியைச் சோதிக்கும். தம்புராவில் குதிரைக்கும் தந்திக்கும் இடையே வைக்கும் ஜீவா நூலால் எழுகிற ரீங்காரமோ மேல்ஸ்தாயியைச் சோதிக்கும். இந்த இரண்டும் சரியாக ஒலித்தால், நடுவிலிருக்கும் பாடகரின் குரலைப் பற்றி அவ்வளவாகக் கவலைப்பட வேண்டியதில்லை.

ஆனால் எந்த இயர்போனாக இருந்தாலும் அதன் டிப் (காதினுள் நுழையும் மென்மையான முனை) காதுத் துளையை இடைவெளியின்றி அடைக்காவிட்டால் கீழ்ஸ்தாயி முழுவதும் வெளியே கசிந்துவிடும். அப்போது தொப்பி வெறும் தட்டலாகத்தான் கேட்கும். பலர் 'பேஸ் இல்லை' என்று ஒரு நல்ல கருவியை ஒதுக்குவதற்கு இதுவே காரணம். பெட்டியில் வரும் எல்லா டிப்களையும் பொறுமையாகப் போட்டுப் பார்த்த பிறகே தீர்ப்புச் சொல்ல வேண்டும். இடக்காதுக்கும் வலக்காதுக்கும் வெவ்வேறு அளவு தேவைப்படுவதும் உண்டு.

பொருத்துவதில் மிகவும் கண்டிப்பானது எடிமோடிக்தான். 1991-இல் வந்த இஆர்4 வரிசையின் தொடர்ச்சியாக 2016-இல் வெளியான இந்த மாடலின் மூன்றடுக்கு சிலிக்கான் டிப் காதினுள் வெகு ஆழமாகச் செல்ல வேண்டும். டிப்பை லேசாக ஈரப்படுத்திக்கொண்டு, மறு கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுவந்து காதுமடலை மேலும் பின்னுமாக இழுத்துப் பிடித்து, மெல்ல உள்ளே தள்ளினால்தான் சரியாக அமரும். கழற்றும்போதும் அவசரப்படாமல் திருகியபடி எடுக்க வேண்டும். இதைச் சகித்துக்கொள்பவருக்குக் கிடைக்கும் அமைதி அபாரமானது. 35 முதல் 42 டெசிபல் வரை வெளிச்சத்தம் குறையும் என்கிறது நிறுவனம். மின்சார ரயிலின் இரைச்சலிலும் ஒலியளவைக் கூட்டாமல் ஆலாபனையின் நுண்ணிய பிடிகளைக் கேட்க முடிகிறது. குரலைப் பொறுத்தவரை மூன்றிலும் இதுவே நேர்மையானது. பாடகர் மூச்செடுக்கும் இடம்கூடத் தெளிவாகத் தெரிகிறது. தொப்பியின் சுருதி துல்லியமாகக் கேட்டாலும், அதன் கனம் மட்டும் முழுமையாக வந்து சேரவில்லை. தனி ஆவர்த்தனத்தை விரும்பிக் கேட்பவருக்கு இந்தக் குறை பெரிதாகத் தெரியும்.

2013-இல் வந்த ஷூர் இதற்கு நேர்மாறானது. துருப்பிடிக்காத எஃகுத் தகடுகளை அடுக்கி நீண்ட ஒலிப்பாதை ஒன்றை உள்ளே அமைத்து, கீழ்ஸ்தாயி டிரைவர்களின் ஒலி குரலோடு கலந்துவிடாமல் தடுத்திருக்கிறார்கள். அதனால் தொப்பி ஆழமாக முழங்குகிறது; குரலும் அதில் மூழ்கவில்லை. ஆயினும் தம்புராவின் ரீங்காரம் சற்று மங்கியே ஒலிக்கிறது. இயர்போனில் காதினுள் செல்லும் மூக்குப் பகுதியில் உள்ள சிறு குழாயை மாற்றி மேல்ஸ்தாயியைக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளும் வசதி இருந்தும் எனக்கு அது போதவில்லை. இன்னொரு சிக்கல் மின்தடை. இதன் மின்தடை 9 ஓம் மட்டுமே. அதுவும் சுருதிக்குச் சுருதி மாறக்கூடியது. இதைக் கைபேசியோடு இணைக்கும் சிறு கருவியான டாங்கிளின் வெளியீட்டு மின்தடை 1 ஓமுக்கு வெகுவாக மேலே போனால் ஒலியின் சமநிலையே மாறிவிடும். ஆகவே ஒருவர் புகழ்ந்த எஸ்இ846-உம் இன்னொருவர் குறைசொன்ன எஸ்இ846-உம் ஒரே ஒலியை எழுப்பியிருக்க வேண்டும் என்பதில்லை. டாங்கிளையும் சேர்த்து வாங்கும் எண்ணம் இல்லாதவருக்கு நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

2022-இல் வெளியான ஐஇ 600-க்கு இந்தத் தொல்லை இல்லை. இதன் 18 ஓம் மின்தடை பெரும்பாலும் சீராக இருப்பதால், சாதாரண டாங்கிளில் இணைத்தாலும் ஒலியின் தன்மை மாறுவதில்லை. சிர்கோனியம் கலந்த உலோகத்தால் முப்பரிமாண அச்சு முறையில் செய்த இதன் கூடு காதுக்கு 6 கிராம்தான் என்பதால், முழுக் கச்சேரியையும் காது வலிக்காமல் கேட்க முடிகிறது. தொப்பியில் கை விழும் கணம், அதைத் தொடரும் நாதம், அது அடங்கும் விதம் என மூன்றும் தனித்தனியாகவும் இயல்பாகவும் கேட்பது இதில்தான். தம்புராவும் பாடகரின் பின்னால் விரிந்து ஒலிக்கிறது. அளவில் கீழ்ஸ்தாயி ஷூரைவிடக் குறைவு என்றாலும், தோலின் தன்மை இதில் கூடுதலாகத் தெரிகிறது.

குறை இல்லாமல் இல்லை. மேல்ஸ்தாயி சற்றுத் தூக்கலாக இருப்பதால், பழைய வானொலிப் பதிவுகளில் வயலின் மேல் ஷட்ஜத்தைத் தாண்டும்போது காதைக் குத்துகிறது. கேபிள் இணைப்பு பல இயர்போன்களிலும் உள்ள, கழற்றி மாட்டக்கூடிய எம்எம்சிஎக்ஸ் வகையே ஆனாலும் கூட்டினுள் ஆழமாகப் பதிந்திருப்பதால் வெளியில் விற்கும் கேபிள்கள் எல்லாம் பொருந்துவதில்லை. கேபிள் பிரச்சினையைத் தவிர்க்க வழியில்லை. வயலினின் கூர்மையைச் சிலிக்கான் டிப்புக்குப் பதில் பெட்டியிலேயே வரும் ஃபோம் டிப்பைப் போட்டு நன்றாகத் தணிக்கலாம். பயணத்தில் குரலிசை மட்டுமே கேட்பவர் பாதி விலையில் எடிமோடிக்கை வாங்கலாம். வீட்டில் அமர்ந்து பக்கவாத்தியங்களோடு கச்சேரி கேட்க விரும்புகிற எனக்கு, ஃபோம் டிப் போட்ட ஐஇ 600-தான் சரியான தேர்வு.