கம்பெனி நொடித்துவிட்டது: ஏஜெண்டைப் பிடிப்பதா, என்சிஎல்டி வரிசையில் நிற்பதா?

கரூர் படுக்கை விரிப்பும் ஈரோட்டுத் துணியும் மும்பைக்கு ஏஜெண்ட் மூலமாக வருவது இன்றும் உண்டு. தாராவியிலோ மாட்டுங்காவிலோ இருக்கும் நம்ம ஊர்க்காரர் ஆர்டர் பிடித்துத் தருவார், சரக்கு கல்பாதேவி பக்கம் ஒரு கம்பெனிக்குப் போகும், அவருக்குக் கமிஷன். அந்தக் கம்பெனி நொடித்தால் ஊரிலிருந்து முதல் போன் அவருக்குத்தான் வரும். "அண்ணாச்சி, உங்க முகத்துக்காகத்தானே சரக்கு விட்டோம்!"

இந்தக் கோபம் நியாயமானது. ஆனால் பணம் திரும்ப வர இரண்டு வழிகள்தான் இருக்கின்றன, இரண்டும் கேட்கும் காகிதம் வேறு வேறு. என்னைக் கேட்டால், கம்பெனி மீதான கோரிக்கையை உடனே போட்டுவிட வேண்டும். ஏஜெண்ட் மீது போவதா என்பதை அவர் கையெழுத்தைப் பார்த்த பிறகுதான் முடிவு செய்ய வேண்டும்.

முதலில் கம்பெனி வழி. 2016 திவால் சட்டத்தின்படி என்சிஎல்டி, அதாவது தேசியக் கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயம், வழக்கை ஏற்றதும் மொராட்டோரியம் என்ற தடை வந்துவிடும். அதற்குப் பிறகு கம்பெனி மீது தனியாக வழக்குப் போட முடியாது. பத்திரிகையில் பொது அறிவிப்பு வரும். சரக்கு கொடுத்தவர், கம்பெனியைப் பார்த்துக்கொள்ள இடைக்காலத் தீர்வு நிபுணர் நியமிக்கப்பட்ட 14 நாளுக்குள் படிவம் பி-யை (கோரிக்கைப் படிவம்) நிரப்பி பில், டெலிவரி சலான், லெட்ஜர் நகலோடு அவருக்கு அனுப்ப வேண்டும். செலவு அதிகம் இல்லை. கிடைப்பதும் அதிகம் இல்லை என்பதுதான் வருத்தம். கம்பெனியைக் கலைக்கும் நிலை வந்தால் பிரிவு 53 வகுத்த வரிசைப்படிதான் பணம் பிரியும். நடைமுறைச் செலவு முதலில். அப்புறம் தொழிலாளரின் 24 மாதச் சம்பளமும் அடமானம் வைத்திருக்கும் வங்கிகளும். அதன்பின் மற்ற ஊழியர்கள், அடமானமில்லாமல் பணக் கடன் கொடுத்தவர்கள், அரசு பாக்கி. சரக்கு கொடுத்தவர் இவர்கள் எல்லோருக்கும் பின்னால் நிற்கிறார். கடன் கொடுத்தவர்கள் குழுவில் அவருக்கு ஓட்டும் கிடையாது.

நாமே வழக்குப் போட்டுக் கம்பெனியை என்சிஎல்டிக்கு இழுக்கலாமே என்றால், 24 மார்ச் 2020 முதல் பாக்கி குறைந்தது 1 கோடி ரூபாய் இருக்க வேண்டும். அதற்கு முன் 1 லட்சமே போதுமாக இருந்தது. சிறு நெசவு முதலாளிகளுக்கு அந்தக் கதவு அன்றோடு மூடிவிட்டது.

சரி, ஏஜெண்ட் வழி. 1872 ஒப்பந்தச் சட்டத்தின் பிரிவு 230 சொல்வது நேரானது. முதலாளிக்காக, அதாவது யார் சார்பில் வேலை செய்கிறாரோ அவருக்காக, ஒப்பந்தம் செய்த ஏஜெண்ட், வேறு ஏற்பாடு இல்லாவிட்டால், அதற்குத் தனிப்பட்ட முறையில் கட்டுப்பட்டவர் அல்ல. ஆர்டர் பிடித்தார், கமிஷன் வாங்கினார் என்பதற்காக அவர் வீட்டு வாசலில் போய் நிற்க முடியாது. ஆனால் அதே பிரிவு மூன்று இடங்களில் அவரையும் உள்ளே இழுக்கிறது: வெளிநாட்டு வியாபாரிக்காக வாங்கினால், யாருக்காக வாங்குகிறேன் என்று பெயரைச் சொல்லாவிட்டால், பெயரைச் சொல்லியும் அந்த முதலாளி மீது வழக்குப் போட முடியாத நிலை இருந்தால். துபாய் கடைக்காக மும்பையிலிருந்து ஆர்டர் கொடுக்கிறவர் முதல் வகைக்குள் வந்துவிடுகிறார். மூன்றாவதைக் காட்டி, மொராட்டோரியம் இருப்பதால் ஏஜெண்டே பொறுப்பு என்று வாதிடலாம் எனச் சிலர் நினைக்கிறார்கள். அதை நம்பி வக்கீல் பீஸ் கட்ட நான் சொல்லமாட்டேன். மொராட்டோரியம் தற்காலிகத் தடைதான்; கம்பெனியிடம் கேட்கச் சட்டமே படிவம் பி என்று ஒரு வழியைத் திறந்து வைத்திருக்கிறதே.

ஆகவே காகிதங்களை மேசையில் பரப்பிப் பாருங்கள். பில்லில் வாங்குபவர் கட்டத்தில் யார் பெயர், யார் ஜிஎஸ்டி எண்? அங்கே ஏஜெண்டின் சொந்த நிறுவனம் இருந்து, சரக்கு இறக்கும் முகவரி மட்டும் கம்பெனியுடையது என்றால், காகிதத்தில் வாங்கியவர் அவர்தான். கம்பெனி பெயரில் பில் இருந்தால், அவர் உத்தரவாதம் கொடுத்தாரா என்று தேட வேண்டும். நம் நாட்டில் உத்தரவாதம் வாய்மொழியாகவும் இருக்கலாம், ஒப்பந்தச் சட்டத்தின் பிரிவு 126 அதை ஏற்கிறது. நிரூபிப்பதுதான் பாடு. வாட்ஸ்அப்பில் "நான் பேசி வாங்கித் தர்றேன்" என்று இருந்தால் அது ஆறுதல் வார்த்தை. "கம்பெனி தரலைன்னா நான் தர்றேன்" என்று சரக்கு கிளம்பும் முன்பே எழுதியிருந்தால் கதை வேறு. அந்த போனைப் பத்திரமாக வையுங்கள். கோர்ட்டில் காட்ட மின்னணுச் சாட்சியத்துக்கான சான்றிதழ் கேட்பார்கள். அதோடு, 3 லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட வணிக வழக்கில் அவசர நிவாரணம் கேட்காவிட்டால் முதலில் சமரச மையத்துக்குப் போயே ஆக வேண்டும்.

ஏஜெண்ட் தன் சொந்த செக்கைக் கொடுத்திருந்தால் நிலைமை இன்னும் வலுவானது. அடுத்தவர் கடனுக்காகக் கொடுத்த செக்குக்கும், செக் திரும்புவதைக் குற்றமாக்கும் பிரிவு 138 பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் 2002-இலேயே சொல்லிவிட்டது. செக் திரும்பிய தகவல் வந்த 30 நாளுக்குள் நோட்டீஸ் போக வேண்டும், கட்ட 15 நாள் அவகாசம், அதற்கப்புறம் ஒரு மாதத்துக்குள் புகார். கம்பெனி செக் என்றாலும் கையெழுத்துப் போட்ட டைரக்டர்கள் தப்பிவிட முடியாது. மொராட்டோரியம் கம்பெனியைத்தான் காக்கும், அந்த ஆட்களை அல்ல என்று 2021-இல் தீர்ப்பு வந்திருக்கிறது.

இரண்டு வழிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் கண்ணில் படாமல் போவது காலக்கெடுதான். மொராட்டோரியம் ஓடும் நாட்களைக் கம்பெனி மீதான வழக்குக்கான காலக்கெடுவிலிருந்து திவால் சட்டத்தின் பிரிவு 60(6) கழித்துவிடுகிறது. ஏஜெண்ட் மீதான வழக்குக்கு அந்தச் சலுகை இல்லை. அவர் விஷயத்தில் 3 வருடம் நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும். "முதலில் என்சிஎல்டி முடியட்டும், அப்புறம் அண்ணாச்சியைப் பார்த்துக்கலாம்" என்று காத்திருந்தால், உத்தரவாதக் கடிதம் கையில் இருந்தும் வழக்கு காலாவதியாகிவிடலாம். இரண்டு பக்கமும் கேட்கலாம், ஆனால் மொத்தத்தில் பாக்கிக்கு மேல் ஒரு ரூபாயும் வாங்க முடியாது.

இதைப் படிப்பவர் ஏஜெண்டாக இருந்தால், கம்பெனியிடமிருந்து பணம் வரவேண்டியவர்களில் நீங்களும் ஒருவர்தான். கம்பெனி தரவேண்டிய பாக்கி கமிஷனுக்கு உங்கள் பெயரில் படிவம் பி போட வேண்டும், அதே 14 நாள் கணக்கில். உத்தரவாதத்துக்காக ஊர் முதலாளிக்கு நீங்கள் பணம் கட்டியிருந்தால், கட்டிய அளவுக்கு அவருடைய உரிமை உங்களுக்கு வரும். அதற்கு ரசீதில் எந்தக் கம்பெனியின் எந்த பில்லுக்காகக் கட்டினீர்கள் என்று எழுதி வாங்குங்கள். வெறும் "வரவு" என்று லெட்ஜரில் ஏறியிருந்தால் கம்பெனியைக் கலைக்கும் லிக்விடேட்டர் அதை உங்கள் சொந்தக் கணக்கு என்று தள்ளிவிடக்கூடும்.