ஸ்டியரிங் ஆட்டம்: ராக்கை இறுக்குவதா, புதுப்பிப்பதா, மாற்றுவதா?

என்னிடம் இருக்கும் 2006ஆம் ஆண்டு மாருதி 800 காரின் ஸ்டியரிங்கில் ஆட்டம், அதாவது சக்கரம் அசையாமலே ஸ்டியரிங் வளையம் மட்டும் நகரும் தளர்வு, கூடிப்போனபோது, அதைச் சரிசெய்ய நான்கு வழிகள் சொல்லப்பட்டன. ஸ்டியரிங்கின் சுழற்சியை இடவல அசைவாக மாற்றிச் சக்கரங்களைத் திருப்பும் பல்தண்டான ராக்கின் சரிசெய்யும் திருகை இறுக்குவது, ராக்கைக் கழற்றி புஷ் (அதைத் தாங்கும் வளையம்) மாற்றிப் புதுப்பிப்பது, சென்னையின் பழைய உதிரிபாகச் சந்தையான புதுப்பேட்டையில் பழைய ராக் ஒன்றை வாங்கிப் பொருத்துவது, புதிய ராக்கையே போட்டுவிடுவது ஆகியவையே அவை. முதல் வழியில் இறங்கிக் கையைச் சுட்டுக்கொண்டு கடைசி வழிக்கு வந்து சேர்ந்தவன் என்பதால், இந்த அலசல் புதிய ராக்கின் பக்கம் சாய்ந்தே இருக்கும்.

எந்த வழியைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்பும், ஆட்டம் உண்மையிலேயே ராக்கில்தான் இருக்கிறதா என்று உறுதிசெய்ய வேண்டும். ஜாக்கி போட்டு முன்சக்கரத்தைத் தூக்கி, கடிகாரத்தின் 9, 3 இருக்கும் இடங்களில் பிடித்து ஆட்டினால் தெரியும் ஆட்டம் டை ராடு எண்டையோ (ராக்கைச் சக்கரத்தோடு இணைக்கும் மூட்டு) ராக்கையோ காட்டுகிறது. 12, 6 இருக்கும் இடங்களில் பிடித்து ஆட்டும்போது தெரிந்தால் வீல் பேரிங்கையோ பால் ஜாயிண்டையோ சந்தேகிக்கலாம். ஒருவர் பிரேக்கை மிதித்துப் பிடித்ததும் அந்த ஆட்டம் மறைந்துவிட்டால் குற்றவாளி பேரிங்தான். டை ராடு எண்டைச் சோதிக்க, ஒருவர் ஸ்டியரிங்கை இடவலமாக அசைக்க, மற்றவர் அந்த மூட்டின் மேல் விரலை வைத்துப் பார்த்தால் போதும். தேய்ந்த மூட்டு விரலுக்கடியில் 'டிக்' என்று நகர்வது நன்றாகவே உணரப்படும். ஸ்டியரிங் தண்டின் கீழ் முனையில் உள்ள இணைப்பின் போல்ட் தளர்ந்திருந்தாலும் இதே அறிகுறி வரும் என்பதால், செலவே இல்லாத அந்தச் சோதனையை முதலில் முடித்துவிடுவது நல்லது. 800இல் ஸ்டெபிலைசர் பார் புஷ் தேய்ந்தாலும் வண்டி நேராக ஓடாமல் அலையும். ஆனால் அது ஸ்டியரிங் வளையத்தில் வெற்று ஆட்டமாகத் தெரியாது.

இவையெல்லாம் சரியாக இருந்ததால், ஸ்டியரிங் வளையத்தின் விளிம்பில் ஒரு துண்டு இன்சுலேஷன் டேப்பை ஒட்டி, அதன் அருகில் அளவுகோலைப் பிடித்து, சக்கரம் அசையத் தொடங்கும் வரை வளையம் எவ்வளவு நகர்கிறது என்று அளந்தேன். சுசுகியின் பணிமனைக் கையேடுகள் 30 மி.மீ. வரை ஏற்கின்றன, என் வண்டியில் ஏறக்குறைய 55 மி.மீ. இருந்தது. பிறகு ஸ்டியரிங்கை ஒரு முழுச் சுற்று திருப்பி, அந்த நிலையில் சக்கரத்தை ஒருவர் பிடித்துக்கொள்ள, மீண்டும் அளந்தபோது 15 மி.மீ.கூட இல்லை. இந்த இரண்டு அளவுகளுக்கும் இடையிலுள்ள வேறுபாடுதான் முழு முடிவையும் தீர்மானிக்கக்கூடியது என்பதை அப்போது நான் புரிந்துகொள்ளவில்லை.

ராக்கின் முதுகை ஒரு ஸ்பிரிங்கால் தள்ளப்படும் பிளஞ்சர் அழுத்தி, அதன் பற்களை, ஸ்டியரிங்கோடு சுழலும் சிறு பல்சக்கரமான பினியனோடு சேர்த்துப் பிடித்திருக்கிறது. அந்த அழுத்தத்தைக் கூட்டவும் குறைக்கவும் பின்புறம் ஒரு திருகும் அதைப் பூட்டும் நட்டும் உண்டு. அதை இறுக்குவது பத்து நிமிட வேலை. உதிரிபாகச் செலவும் இல்லை. நான் போன பணிமனையிலும் அதைத்தான் செய்தார்கள், ஆட்டமும் நின்றுபோனது. ஆனால் மறுநாள் ஒரு தெருமுனையில் வண்டியைத் திருப்பிய பிறகு, வழக்கமாகத் தானே நேராகிக்கொள்ளும் ஸ்டியரிங் திரும்பிய நிலையிலேயே நின்றுவிட்டது. இரு கைகளாலும் இழுத்துத்தான் நேராக்க வேண்டியிருந்தது. எதிரே வந்த ஆட்டோக்காரர் சொன்னவை எழுதத் தக்கவை அல்ல.

காரணம் எளியது. வண்டி பெரும்பாலான நேரம் நேராகவே ஓடுவதால், பினியன் ராக்கின் நடுவிலுள்ள சில பற்களின் மேல் மட்டுமே திரும்பத் திரும்ப உருள்கிறது. நடுப்பற்கள் தேய்ந்திருக்க, ஓரப் பற்கள் ஏறக்குறையப் புதிதாகவே இருக்கின்றன. நடுவிலுள்ள ஆட்டம் போகும்வரை திருகை இறுக்கினால், தேயாத ஓரப் பகுதிக்கு வரும்போது அதே அழுத்தம் மிகுதியாகிப் பற்கள் இறுகிக்கொள்கின்றன. ஓரத்துக்குப் பொருந்தும்படி தளர்த்தினால் நடுவில் ஆட்டம் திரும்பிவிடுகிறது. பின்னர் அந்த ராக்கைக் கழற்றிப் பார்த்தபோது, நடுவில் விரல் நீளத்துக்குப் பற்கள் கண்ணாடிபோல் பளபளத்தன. இரு ஓரங்களிலும் ஆலையில் பல் வெட்டிய கோடுகள்கூட இன்னும் தெரிந்தன. ஆட்டம் எல்லா நிலையிலும் ஒரே அளவாக இருந்தால் மட்டுமே திருகை இறுக்குவதில் பொருள் இருக்கிறது.

புதுப்பிப்பதைப் பற்றி என் கருத்து கலவையானது. பினியனுக்கு எதிர்முனையில் ராக்கைத் தாங்கும் புஷ் தேய்ந்தால், மேடுபள்ளமான சாலையில் 'டக் டக்' என்ற ஒலி வரும். அதற்குக் கம்பெனி புஷ்ஷோ, லேத் பட்டறையில் கடைந்து தரும் நைலான் புஷ்ஷோ போட்டு, கிரீஸ் வைத்து, தூசியும் நீரும் புகாமல் ராக்கின் முனையை மூடும் ரப்பர் உறையான பூட்டை மாற்றிவிட்டால் மிகக் குறைந்த செலவில் நல்ல பலன் கிடைக்கும். பற்கள் நன்றாக இருந்து ஒலி மட்டும் வரும் வண்டிக்கு நான் இதையே பரிந்துரைப்பேன். ஆனால் தேய்ந்த பல்லை எந்தப் பட்டறையும் வளர்த்துத் தர முடியாது. லேத் புஷ் எத்தனை ஆண்டு தாங்கும் என்பதை என் அனுபவத்தை வைத்துச் சொல்லவும் இயலாது.

புதுப்பேட்டையில் பழைய ராக்குகள் இரண்டைப் பார்த்தேன். ஒன்றின் பூட் கிழிந்து உள்ளே துருவேறியிருந்தது. மற்றொன்றின் பினியனைக் கையால் சுற்றியபோது ஓரங்களில் இறுக்கமாகவும் நடுவில் தளர்வாகவும் ஓடியது. அதாவது, என்னிடம் இருந்த நோயையே இன்னொரு வண்டியிலிருந்து விலைக்கு வாங்கச் சொன்னார்கள்.

இங்கேதான் கூலிக் கணக்கு வருகிறது. புஷ் மாற்றினாலும், பழையதைப் போட்டாலும், புதியதைப் போட்டாலும், ராக்கை இறக்கி ஏற்றும் கூலி ஒன்றே. ஒவ்வொரு முறையும் டை ராடு எண்டுகளைக் கழற்ற வேண்டும், ஒவ்வொரு முறையும் வீல் அலைன்மென்ட் பார்க்க வேண்டும். மலிவான பாகத்தைப் போட்டுவிட்டு ஓர் ஆண்டில் மீண்டும் அதே வேலையைச் செய்ய நேர்ந்தால், பாகத்தில் மிச்சம் பிடித்த தொகை கூலியில் போய்விடும். டயர் ஒருபக்கமாகத் தேயும் நட்டம் தனி. 2014 ஜனவரியோடு 800இன் உற்பத்தி நின்றுவிட்டாலும், சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலையிலுள்ள கடையொன்றில் புதிய ராக் கிடைத்தது. வண்டியை விற்கும் எண்ணமும் எனக்கு இல்லாததால் அதையே வாங்கினேன். ஆறு மாதத்தில் விற்கப்போகிறவருக்கு இந்தக் கணக்கு பொருந்தாமல் போகலாம்.

பொருத்தும்போது நான் வற்புறுத்திய செய்திகள் மூன்று. டை ராடு எண்டைக் கழற்றுமுன் எத்தனை மரை உள்ளே இருக்கிறது என்று எண்ணிக் குறித்துக்கொள்ள வேண்டும். அதைச் சுத்தியலால் அடிக்காமல் புல்லர் (இழுத்துக் கழற்றும் கருவி) போட்டே கழற்ற வேண்டும். புதிய ராக்கை ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை சுற்றி, அந்தச் சுற்றுகளில் பாதியில் நிறுத்திய பிறகே ஸ்டியரிங் தண்டோடு இணைக்க வேண்டும். கடைசியாகச் சொன்னது தவறினால் வண்டி நேராகப் போகும்போது ஸ்டியரிங் கோணலாக நிற்கும். இவை தவிர, டை ராடு எண்டின் நட்டு கழலாமல் காக்கும் ஸ்பிளிட் பின்னும் கண்டிப்பாகப் புதிதுதான்.

800இல் பவர் ஸ்டியரிங் கிடையாது. மின்மோட்டார் உதவியுடன் இயங்கும் ஸ்டியரிங்கிலும் நடுப்பற்களின் தேய்மானம் இதே தர்க்கப்படிதான் நடக்கும் என்று எண்ணுகிறேன்; ஆனால் அத்தகைய ஒன்றை நான் கழற்றிப் பார்த்ததில்லை. என் வண்டியில் மாற்றியபின் அளந்தபோது ஆட்டம் 10 மி.மீ. அளவில் இருந்தது. பழைய ராக்கின் இடப்பக்க பூட்டில் ஒரு நகக்கீறல் அளவுக் கிழிசல் இருந்ததைக் கழற்றிய பிறகே கவனித்தேன் என்பதால், இப்போது மழைக்காலம் தொடங்குமுன் வண்டிக்கடியில் டார்ச் அடித்து இரு பூட்டுகளின் மடிப்புகளையும் விரித்துப் பார்த்துவிடுகிறேன்.